இடப்பக்கமாகச் சாய்ப்பது

ஜனவரி 6

அன்புள்ள தங்கைக்கு,

எனக்கும் உன் அண்ணிக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே உன் முழங்கை வலி, நம் தம்பி சின்னவனின் இருமல், காரின் துரு ஆகிய மூன்றும் எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுது.

நேற்று மாலை எங்கள் முன்னறையில் முக்கியமான முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. அப்பாவின் காரைப் புதுப்பிக்க சின்னவனுக்கு நான் அனுமதி கொடுத்தது நினைவிருக்கும். அடிப்பாகத்தில் துரு நீக்கி, தகடு வைத்து, பெயிண்ட் அடிக்க காரை ஒருபக்கமாகச் சாய்க்க வேண்டும் என்று அவன் கேட்டிருந்தான். சாய்க்கலாம். இடப்பக்கமாகச் சாய்ப்பது என்று தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. கூட்டத்துக்கு நான் தலைமை தாங்கினேன். உன் அண்ணி கலந்துகொண்டாள். "எந்தப் பக்கமா சாய்ச்சா என்னங்க, நசுங்காம இருந்தா சரி" என்று அவள் தெரிவித்த கருத்து பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது.

காரணம் உனக்கே தெரியும். அப்பா ஓட்டியது வலப்பக்க இருக்கையில். கண்ணாடியை இறக்கிவிட்டு முழங்கையை அந்தக் கதவின் மேல் வைத்துக்கொண்டுதான் ஓட்டுவார். அவர் முழங்கை பட்டு மங்கிய பெயிண்ட் அங்கே இன்னும் இருக்கிறது. அந்தக் கதவைத் தரையில் படுக்க வைப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

டிசம்பரில் இங்கே பழைய கார்களின் அணிவகுப்பு நடக்கிறது. என் பெயரைப் பதிவு செய்துவிட்டேன். இதைப் பற்றிப் போனில் பேச வேண்டாம். போனில் எடுத்த முடிவுக்கு ஆதாரம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

எல்லோரும் சுகமாக இருக்க விரும்பும்,
அண்ணன்


ஜனவரி 19

அன்பான அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. என் முழங்கை பரவாயில்லை. பல் மருத்துவமனை வரவேற்பில் நாள் முழுக்க மேசையில் ஊன்றியிருப்பதால் வருகிற வலிதான், பல் இருக்கிற வரை மக்கள் வருவார்கள், வலியும் வரும். சின்னவன் இருமுகிறான். கார் இருமவில்லை, இஞ்சினைத்தான் கழற்றிவிட்டானே.

உங்கள் தீர்மானத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டான். கேட்டு முடித்து, "வலப்பக்கந்தான் தோதுன்னு அண்ணாகிட்ட சொல்லுக்கா" என்றான். அவன் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

காரின் ஒருபக்கத்தைச் செயின் பிளாக்கில் மாட்டி, உத்தரத்திலிருந்து தூக்குவார்களாம். "பாதி தூரம் வரைக்கும் நாம காரைத் தூக்கணும். அதுக்கப்புறம் கார் நம்மளக் கேக்காது, தானா விழப் பாக்கும். அப்ப தூக்குன சங்கிலி தொளதொளன்னு ஆயிரும். பின்னாலேருந்து இழுத்துப் புடிச்சு கொஞ்சங் கொஞ்சமா விட இன்னொரு கயிறு வேணும். அந்தக் கயித்தோட மறுமுனை அசையாத எடத்துல இருக்கணும். உயிரே அதுலதான்." நம் ஷெட்டில் அசையாத இடம் ஒன்றுதான் உண்டு, காருக்கு இடப்பக்கம் இருக்கிற கான்கிரீட் தூண். வலப்பக்கமாகச் சாய்த்தால் கயிற்றைத் தூணில் கட்டலாம். இடப்பக்கமாகச் சாய்த்தால் கயிற்றை வலப்பக்கம் கட்ட வேண்டும். அங்கே செங்கல் சுவரும் ஜன்னலும்தான் இருக்கின்றன.

இடப்பக்கமே வேண்டுமென்றால் காரை வெளியே தள்ளித் திருப்பி, பின்புறம் தெருவைப் பார்க்க நிறுத்திவிடலாம், அப்போது தூண் வலப்பக்கம் வந்துவிடும் என்கிறான். அரை மணி நேர வேலையாம். நீங்கள் எழுதினால் செய்துவிடுவான்.

இன்னொரு செய்தி. பழைய கார்களைப் புதுப்பிக்கிற பட்டறைக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். அடிப்பாகத்தைச் சுத்தமாக முடித்துக் காட்டினால் சின்னவனை வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். மார்ச் கடைசியில் மறுபடி வருவார். பஸ் கம்பெனி இவனை வீட்டுக்கு அனுப்பிய பிறகு இவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

உங்கள் இருவர் நலத்தையும் எழுதவும்.
தங்கை

(அண்ணா, வணக்கம். தூண் நல்ல தூண். சின்னவன்)


பிப்ரவரி 3

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தைக் கவனமாகப் படித்தேன். சின்னவன் கடைசியில் தன் கையால் ஒரு வரி சேர்ப்பது நல்ல பழக்கம், விடவேண்டாம் என்று சொல்.

காரைத் திருப்பி நிறுத்தும் யோசனையை ஏற்பதற்கில்லை. அப்பா அந்தக் காரை என்றைக்கும் தெருவைப் பார்த்துத்தான் நிறுத்தினார். கடைசியாக நிறுத்தியபோதும் அப்படித்தான். தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்பது நம் குடும்பத்துக் கார் அல்ல. அரை மணி நேர வேலை என்பது வாதமாகாது. அரை மணியில் செய்யக்கூடிய தவறுகள் உலகத்தில் ஏராளம்.

கயிற்றைப் பொறுத்தவரை, ஜன்னல் கம்பி அப்பா காலத்து இரும்பு. அந்தக் காலத்து இரும்பைப் பற்றி உங்கள் தலைமுறைக்குச் சொன்னால் புரியாது. அதில் கட்டலாம்.

இடப்பக்கமாகச் சாய்ப்பதால் இடப்பக்கத்துக்கு மதிப்பில்லை என்று பொருளல்ல. அங்கும் கீறல் படக்கூடாது. கார் படுக்கும் இடத்தில் பழைய டயர்களை மட்டும் போட்டால் தடம் பதியும் என்று ஒரு பத்திரிகையில் படித்தேன். டயர்களின் மேல் மெத்தை போட வேண்டும். கார் இறங்கும்போது மெத்தை நழுவாமல் ஒருவர் அருகிலிருந்து சரிசெய்வது நல்லது.

பட்டறைக்காரர் விஷயம் நல்லதுதான். ஆனால் அவசரம் காரியத்தைக் கெடுக்கும். முதலில் அணிவகுப்பு, பிறகு உத்தியோகம்.

ஆசிகளுடன்,
அண்ணன்


பிப்ரவரி 21

அன்பான அண்ணாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். அண்ணியின் தலைசுற்றல் தேவலையா?

உங்கள் கடிதத்தை சின்னவனும், அவனுக்கு ஒத்தாசைக்கு வருகிற பக்கத்துக் கடை வெல்டரும் சேர்ந்து கேட்டார்கள். வெல்டரை இந்தத் தெருவில் மீசை என்பார்கள். மீசையை எடுத்துப் பல வருடம் ஆகிறது, பெயர் மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. அவர் ஜன்னலைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஈரத்துணி காயப்போடலாம். ஈரத்துணிக்கு மேல எதையும் கட்டாதீங்க" என்றார்.

"அண்ணா சொல்லிட்டாரு" என்றான் சின்னவன்.

"உங்கண்ணன் இங்க வந்து காரைப் பாத்து எவ்வளவு நாளாச்சு?"

"அப்பா காரியத்துக்கு வந்தாரு."

"அப்ப காரு நின்னுச்சா, சாஞ்சிருந்துச்சா?"

"நின்னுச்சு."

"அப்ப அவருக்கு நிக்கிற காரைப் பத்தித்தான் தெரியும். திருப்பி நிறுத்திட்டு வேலையை முடிச்சு, மறுபடி திருப்பி நிறுத்திருவோம்யா. யாரு எழுதப்போறா?"

சின்னவன் என்னைப் பார்த்தான். நான் உங்கள் கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தேன். "விடுக்கா. காரைத் திருப்புனா, நாளைக்கு அணிவகுப்புல ஒரு ஆணி கழண்டாக்கூட அதுக்கும் நாந்தான் காரணம்பாரு. ஜன்னலுக்கு வெளியில ஒரு இரும்பு பைப்பைக் குறுக்க குடுத்துக் கட்டிக்கிறேன்" என்றான்.

பெட்ரோல் டாங்கைக் கழற்றிவிட்டான். பேட்டரி, பிரேக் ஆயில் எல்லாம் எடுத்தாகிவிட்டது. கண்ணாடிகளையும் கழற்றித் துணி சுற்றி என் அறையில் வைத்திருக்கிறான். என் மெத்தை ஷெட்டுக்குப் போய்விட்டது. நான் கண்ணாடிகளோடு பாயில் படுக்கிறேன்.

திருப்புவதைப் பற்றி நீங்கள் இன்னொரு முறை யோசிக்க முடியுமா என்று கேட்டு எழுதுகிறேன். பதில் வரும்வரை காத்திருக்கிறோம்.

தங்கை

(அண்ணா, வணக்கம். மெத்தை அக்காவுடையது. சின்னவன்)


மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

நலம், நலமே விரும்புகிறேன். யோசித்தேன். தீர்மானத்தில் மாற்றமில்லை. தொடங்கலாம்.

அண்ணன்


ஏப்ரல் 12

அன்பான அண்ணாவுக்கு,

நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கார் மார்ச் மாதமே இடப்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. இப்போதும் அப்படியே இருக்கிறது. வலது கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பா முழங்கை வைத்த இடம் கூரையைப் பார்த்தபடி பத்திரமாக இருக்கிறது.

எழுதத் தாமதமானதற்குப் பொறுத்துக்கொள்ளவும். வேலை இருந்தது.

தங்கை


ஏப்ரல் 25

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் தாமதமாக வந்தாலும் மகிழ்ச்சியைக் கொண்டுவந்தது. சில விவரங்கள் விடுபட்டிருக்கின்றன. இடப்பக்கத்தில் கீறல் உண்டா? மெத்தை போடப்பட்டதா? அடிப்பாகத்தில் துரு எவ்வளவு? கார் இறங்கும்போது படம் எடுத்திருந்தால் அனுப்பி வை, அணிவகுப்புக் குழுவினர் கேட்கிறார்கள்.

சின்னவன் வழக்கமாக எழுதும் வரியைக் காணோம். காரியம் முடிந்ததும் தலைக்கனம் வருவது இயல்பு. வேலையில் முனைப்பாக இருப்பான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எல்லோர் நலத்தையும் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


ஏப்ரல் 26

அன்புள்ள நாத்தனாருக்கு,

நான் சுகம். தலைசுற்றல் வந்து போகிறது, பழகிவிட்டது.

உன் அண்ணாவின் கடிதத்தை நான்தான் தபாலில் சேர்த்தேன். அப்போதே தனியாக உனக்கு எழுத வேண்டுமென்று தோன்றியது. நீ இவ்வளவு சின்னதாகக் கடிதம் எழுதுகிறவள் இல்லை. கதவு நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். சின்னவர் எப்படி இருக்கிறார் என்று எழுதவில்லை. என்ன நடந்தது என்று எனக்கு மட்டுமாவது எழுது.

உன் அண்ணி


மே 8

அன்பான அண்ணிக்கு,

நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். அண்ணா கேட்டால் அவருக்கும் எழுதியிருப்பேன்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்கினார்கள். மீசை சங்கிலியை இழுத்தார். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட மீசையின் தம்பி ஜன்னல் பக்கம் நின்றார். பாதி தூரம் வந்ததும் சின்னவன் சொன்னது போலவே சங்கிலி தளர்ந்தது. கயிறு விறைத்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அப்போது மெத்தை டயரிலிருந்து நழுவியது. "இருங்க, கீறல் பட்டா அதுக்கு ஒரு லெட்டர் வரும்" என்று சிரித்துக்கொண்டே சின்னவன் குனிந்து அதை இழுத்துவிட்டான்.

கம்பி அறுந்துபோகவில்லை. கம்பியைப் பற்றி அண்ணா சொன்னது சரிதான். கம்பி, சட்டம், குறுக்கே வைத்த பைப், சுற்றியிருந்த செங்கல் எல்லாம் ஒன்றாகப் பெயர்ந்து வந்தன. சத்தம் அடங்கிய பிறகு பார்த்தால் கார் மெத்தையின் மேல் சரியாகப் படுத்திருந்தது. சின்னவனின் இடது கால் மெத்தைக்கும் டயருக்கும் நடுவே இருந்தது.

தெருவே வந்து தூக்கியது. ஆஸ்பத்திரியில் சில நாள் பார்த்துவிட்டு முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அவன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணாவுக்கு எழுதிறாத. வந்து நின்னு டாக்டருக்கு யோசனை சொல்வாரு." மீசை சிரித்துவிட்டு வெளியே போய் அழுதார்.

மறுநாள் நான் மறுபடியும் கேட்டேன், எழுதட்டுமா என்று. "அவரா என்னப் பத்திக் கேட்டார்னா சொல்லு. காரைப் பத்திக் கேட்டா காரைப் பத்திச் சொல்லு" என்றான். அப்படியே செய்தேன்.

பட்டறைக்காரர் மார்ச் கடைசியில் சொன்னபடி வந்தார். காரில் வேலை தொடங்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்து, பழம் கொடுத்து, உடம்பு தேறட்டும், ஆகஸ்டில் மறுபடி வந்து பார்க்கிறேன் என்றார். நல்ல மனிதர். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் சின்னவன் கட்டிலைவிட்டு எழுந்தான்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை


மே 22

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை முதலில் நான் தனியாகப் படித்தேன். பிறகு இதை மறைத்தால் நான் மனுஷி இல்லை என்று தோன்றியது. உன் அண்ணாவை உட்கார வைத்து முழுவதையும் படித்துக் காட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு, "காரை இடப்பக்கம் சாய்க்கத்தான் சொன்னேன். அவனை இடப்பக்கம் நிக்கச் சொன்னேனா?" என்றார்.

"மெத்தையை ஒருத்தர் பக்கத்துல இருந்து சரிபண்ணணும்னு எழுதினீங்களே" என்றேன்.

"ஒருத்தர்னுதான் எழுதினேன்" என்றார்.

எழுந்து தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். மழை பெய்துகொண்டிருந்தது. குடை பிடித்துக்கொண்டு ஊற்றினார். அதற்குப் பிறகு இந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் எடுத்தால் ரேடியோவைக் கூட்டிவைக்கிறார். எப்படியும் உனக்கு எழுதுவார் என்று காத்திருக்கிறேன்.

சின்னவரின் தலையை நான் தடவியதாக நினைத்து நீ தடவிவிடு.

அண்ணி


ஜூன் 10

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே நலம். அங்கும் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கார் சாய்ப்பது பற்றிப் பொதுவாகச் சில கருத்துகளை எழுதிவைப்பது எதிர்காலத்துக்குப் பயன்படும். ஒன்று, பின்கயிறு கட்டும் இடத்தைச் சோதிப்பது எங்கேயும் வேலை செய்பவரின் பொறுப்பு. தூரத்தில் இருப்பவர் கருத்துத்தான் சொல்ல முடியும். இன்னொன்று, இறங்கும் காருக்கு அருகில் யாரும் குனியக் கூடாது. இதைத் தனியாக எழுத வேண்டிய அவசியம் இருப்பதாக நான் கருதியதில்லை, ஏனென்றால் இது எல்லோருக்கும் தெரிந்தது. மற்றபடி, என் ஜனவரிக் கடிதத்தில் இருந்தது ஒரு யோசனை. அதைத் தீர்மானம் என்று குறிப்பிட்டது நடையழகுக்காக.

இப்போது புதிய யோசனை. அடிப்பாக வேலை ஆகஸ்டுக்குள் முடியட்டும். யார் செய்தாலும் சரி. முடிந்ததும் காரை லாரியில் ஏற்றி இங்கே அனுப்பிவிடுங்கள், மீதியை இங்கே பார்த்துக்கொள்கிறேன். சின்னவனுக்கு இதனால் சிரமம் குறையும்.

கதவைத் தனியாகத் துணி சுற்றி அனுப்பவும்.

அண்ணன்


ஆகஸ்ட் 29

அன்பான அண்ணாவுக்கு,

நீங்களும் அண்ணியும் நலமா? அண்ணியின் தலைசுற்றலுக்கு நல்ல டாக்டராகப் பாருங்கள். இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. ஜன்னல் இருந்த இடத்தில் தகரம் அடித்திருக்கிறோம்.

வேலை முடிந்தது. இப்படித்தான் முடிந்தது. கார் படுத்தே இருந்ததால் அடிப்பாகம் சுவர் மாதிரி செங்குத்தாக நின்றது. மறுபடி புரண்டுவிடாமல் மீசை இரண்டு பக்கமும் இரும்புக்கால் வைத்துத் தூணோடு சங்கிலி போட்டார். சின்னவன் சக்கர நாற்காலியில் அதன் எதிரே உட்கார்ந்துகொண்டான். கம்பி பிரஷ், உப்புத்தாள், வெட்டிய தகடு, பெயிண்ட் எல்லாம் மடியில். கை எட்டுகிற உயரம் வரை அவன் செய்தான். அதற்கு மேலே மீசை ஏணி போட்டுச் செய்தார்.

சின்னவன் விடியற்காலையிலேயே உட்கார்ந்துவிடுவான். மதியம் சாப்பிடக் கூப்பிட்டால், "துரு சாப்பிடாம வேலை பாக்குதுக்கா, நான் மட்டும் சாப்பிட்டா அது முந்திரும்" என்பான். ஒருநாள் நாற்காலியில் இரண்டு தலையணை வைத்து உயர்த்திக்கொண்டு இன்னும் ஒரு சாண் மேலே போகப் பார்த்தான். சரிந்துவிட்டான். மீசை பிடித்துக்கொண்டார். "மேல நான் இருக்கேன்யா, கீழ உன் ஆட்சி" என்றார். அதற்குப் பிறகு கீழேயே இருந்தான்.

போன வாரம் காரை நிமிர்த்தினார்கள். சிரமமே இல்லை. நிமிர்த்தும்போது பின்கயிறு இடப்பக்கம் வரும், தூண் அங்கேதான் இருக்கிறது. நேற்று லாரிக்காரர் வந்து ஏற்றிக்கொண்டு போனார். கதவைத் துணி சுற்றித் தனியாகக் கொடுத்திருக்கிறேன். உங்கள் கைக்கு வந்ததும் எழுதவும்.

நிமிர்த்துவதற்கு முந்தின நாள் பட்டறைக்காரர் வந்தார். டார்ச் அடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். "மேல ஒருத்தர், கீழ ஒருத்தர் செஞ்ச மாதிரி இருக்கே" என்றார். "ஆமாங்க" என்றான் சின்னவன். "கீழ யாரு?" "நாந்தாங்க." அவர் உட்கார்ந்து, தகடு சேர்த்த இடத்தை விரலால் தடவினார். இணைப்பு எங்கே என்று தேடிப் பார்த்துவிட்டு, "நல்ல கை" என்றார். அவனுடைய நாற்காலியையும் பார்த்தார். பிறகு டார்ச்சை அணைத்து, "எங்க பட்டறையில காருக்கு அடியில பள்ளத்துக்குள்ள எறங்கணும், ஏணி ஏறணுங்க" என்றார்.

"தெரியுங்க" என்றான் சின்னவன்.

மீசை திங்கட்கிழமை முதல் அவரிடம் வேலைக்குப் போகிறார்.

தங்கை